மஞ்சள் துணியில் சுற்றிய மணி

அந்த அக்கா பையைத் திறந்தபோதே எனக்கு அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது. உள்ளேயிருந்து வந்தவை ஒரு சின்ன மணி, நாலைந்து மரக்கட்டைகள், ஒரு துணிப் பொம்மை, ஒரு நோட்டு. பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் கொண்டு வருவார்கள். நோட்டோடு வருகிறவர்கள் எதையாவது எழுதிக்கொண்டு போகத்தான் வருவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கோட்டையூரில் இருந்தோம். அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு இரண்டரை. அந்த அக்கா காரைக்குடியில் படித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் எந்த வயதில் எதைச் செய்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுவதுதான் அவள் ஆராய்ச்சியாம். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. நாலு பெத்தவ நான் இருக்கேன், பிள்ளை வளக்க இவ வந்து சொல்லணுமாக்கும்" என்று அம்மாவின் காதைக் கடித்தாள். அத்தைக்கு ரகசியம் பேச வராது. தெருவில் போன பால்காரருக்கும் அது கேட்டிருக்கும்.

எங்கள் வீட்டில் மறைக்க ஒரு விஷயம் இருந்தது. தம்பி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஆம்பளப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று சொல்லிச் சமாளித்தோம். வீட்டுக்குள் வசம்பை உரசி உரசி அவன் நாக்கில் தடவினோம். அத்தை அய்யனார் கோயிலில் மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டு, உள்ளங்கை நிறைய ஒரு வெண்கல மணி வாங்கி மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பிள்ளை வாயிலிருந்து முதல் சொல் வந்த மறுநாள் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். சாமிக்குப் போகும்முன் அதை யாரும் அடித்துப் பார்க்கக் கூடாது. நான் ஒருதரம் துணியைத் தொட்டுவிட்டு முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி எனக்கு வேறு பயம் காட்டியிருந்தாள். அந்த அக்காவின் நோட்டில் பெயிலாகிற பிள்ளைகளை மதுரையில் ஒரு ஹாஸ்டலில் விட்டுவிடுவார்களாம். நான் தம்பியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

அந்த அக்கா தம்பியை மரப் பெஞ்சில் உட்கார வைத்து, கட்டைகளைக் கையில் கொடுத்து, பின்னால் நின்று மணியை ஆட்டினாள். அவன் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேனாவைத் திறந்தாள். எதிரே இருந்த நான் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, கண்ணை அகல விரித்து அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். அது எங்களுடைய பூச்சாண்டி விளையாட்டு. உடனே திரும்பிப் பார்த்தான். நாலு முறை மணி அடித்தது, நாலு முறையும் திரும்பினான்.

"என்னென்ன வார்த்தை பேசுறான்க்கா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாள்.

"அம்மாம்பான், அப்பாம்பான், தண்ணி கேப்பான்" என்றாள் அம்மா, கண் இமைக்காமல். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

தம்பியை ஜெயிக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு அன்றெல்லாம் தலைகால் புரியவில்லை. ஆனால் கிளம்பும்போது அந்த அக்கா தம்பியைப் பார்க்காமல் என்னையே பார்த்துவிட்டுப் போனது மட்டும் பிடிக்கவில்லை.

அடுத்த வாரமே திரும்பி வந்தாள். இந்த முறை மணியை என் கையில் கொடுத்தாள்.

"பாப்பா, அவன் முதுகுக்குப் பின்னால நின்னு நீ அடி பாப்போம்."

அடித்தேன். அவன் அதே பெஞ்சில் உட்கார்ந்து கட்டைமேல் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். கை வலிக்க அடித்தேன். திரும்பவில்லை. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"இம்புட்டுக்காண்டு மணிய அடிச்சா யாருக்குத் தாயி கேக்கும்?" என்று கத்திக்கொண்டே அத்தை தன் வீட்டுக்கு ஓடினாள். வந்தபோது அவள் கையில் மஞ்சள் துணி இருந்தது. அதை அவிழ்த்து, தம்பியின் பிடரிக்கு ஒரு சாண் பின்னால் வைத்து அந்தப் பெரிய மணியை ஓங்கி அடித்தாள். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது. தம்பி மூன்றாவது கட்டையை வைத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

"அப்படிக் கூப்பிட்டா அவன் பாக்க மாட்டான் அத்தை. இப்படிக் கூப்பிடணும்" என்று பெஞ்சின் காலை ஓர் உதை விட்டேன். பெஞ்சு அதிர்ந்து கட்டைகள் சரிந்தன. தம்பி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அத்தை மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எப்ப இருந்துடி இப்படிக் கூப்பிடுற?" அம்மாவின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எப்பவுமேதான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அக்கா நோட்டை மூடி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். நிறையப் பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்துத்தான் இதையெல்லாம் கண்டுபிடித்திருக்கிறார்கள், சீக்கிரம் தெரிந்தது நல்லதுக்குத்தான், மதுரையில் காதைப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னாள். மதுரை என்ற சொல் என் காதில் விழுந்ததுதான் தாமதம், தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டேன்.

பிறகு காதுக்கு மிஷின் வந்தது. அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேச அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்க, அந்த அக்கா தன் ஆராய்ச்சி முடிந்த பின்னும் வந்தாள். அத்தை மணியைக் கட்ட ஒன்றரை வருஷம் ஆனது. இன்று தம்பி வாயைத் திறந்தால் மூடுவதில்லை.

ஆனால் அன்று கட்டிலுக்கடியில் நான் அழுதது வேறொன்றுக்கு. நான் பெஞ்சை உதைத்ததால்தான் அவன் பெயிலாகிவிட்டான் என்று நினைத்தேன். அவனுக்குக் காது கேட்காது என்பது அந்த வீட்டிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.