கைப்பேசியில் காட்டிய கூரை

டண்டினொங் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக் குசினிச் சீலிங்கில் ஈரக்கறை தெரிந்ததும், லைசென்ஸ் உள்ள கூரை வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவருடைய லைசென்ஸை அரசாங்க இணையத்தளத்தில் பார்த்தேன். சரியாகவே இருந்தது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, உடைந்த ஓடுகளைக் கைப்பேசியில் காட்டினார். சீலிங் நன்றாக ஊறிவிட்டது, உடனே திருத்த வேண்டும் என்றார். படங்களை எனக்கும் அனுப்பிவிட்டுப் போனார்.

"வேற ஆற்றையோ வீட்டுக் கூரையைக் காட்டி ஏமாத்துறான்," என்றேன் மனைவியிடம்.

"எல்லாரும் கள்ளர் எண்டா, நீங்கள்தான் ஏணியில ஏற வேணும்," என்று அவள் சிரித்தாள்.

நான் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

சில நாள் கழித்து, காலையில் நல்ல வெயில் எறித்தது. மனைவி வழக்கம்போல் பின்வளவில் தன் பழைய பச்சைச் சேலையை விரித்து மிளகாய் காயப்போட்டாள். மத்தியானம் திடீரென்று ஆலங்கட்டி மழை. குசினிக் கதிரையில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் மிளகாயை எடுக்க ஓடினாள். அவள் வாசலைத் தாண்டியதும் சீலிங் இடிந்து அவளுடைய கதிரைமேல் விழுந்தது.

இடிந்ததைக் கூட்டி அள்ளியபின் அந்தப் படங்களைத் திறந்தேன். ஒன்றில், உடைந்த ஓட்டுக்கு அப்பால், கீழே எங்கள் பின்வளவில், அவளுடைய அதே பச்சைச் சேலையில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"இதை ஒருக்காலாவது வடிவாப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

நான் சரியாகப் பார்க்கவேயில்லை.

அதே மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் கூரையைத் திருத்தினேன். என் சந்தேகப் புத்தி போய்விடவில்லை. ஆனால் இப்போது யார் படம் காட்டினாலும் மூலைவரை பெரிதாக்கிப் பார்க்கிறேன், மனைவியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு.