கிணற்றுக் கயிறும் சைக்கிள் டியூப்பும்

கரவெட்டியில் எங்களுடையது பங்குக் கிணறு. பாதி மனைவிக்குச் சீதனமாக வந்தது. மற்றப் பாதி அடுத்த வளவிலிருந்த அவளுடைய அண்ணனுக்கு. வேலியை என் காணிக்குள் ஒரு முழம் தள்ளி அடைத்துவிட்டார் என்று இரண்டு வருடமாக நான் அவருடன் கதைப்பதில்லை. அப்போதுதான் எங்கள் வாளி கிணற்றில் விழுந்தது. பொருளாதாரத் தடைக் காலம்; புது வாளிக்கு எங்கே போவது? விழுந்ததைத் துழாவி எடுக்கும் பாதாளக்கரண்டி எங்கள் ஒழுங்கை வீடுகளிலேயே அவரிடம் மட்டும்தான் இருந்தது. அவரிடம் போய்க் கேட்பதா? நானா? தனியாகவே இறங்கி ஏறுவதென்று முடிவு செய்தேன்.

இறங்கிவிடலாம். ஏறும்போது கை சோர்ந்தாலும் விழாமலிருக்க, இடுப்பில் கட்டிக் கிணற்றுக் கயிற்றில் சுற்றிவிட ஏதாவது வேண்டும். தள்ளினால் மேலே நகரவேண்டும், பாரம் விழுந்தால் இறுகவேண்டும். மாமரக் கிளையில் கயிற்றைக் கட்டிப் பரிசோதித்தேன். அதில் சுற்றிய தும்புக் கயிறு வழுக்கி முழங்காலைப் பெயர்த்தது. சேலைத் துண்டு கிழிந்தது. அது நல்ல சேலை என்று பிறகுதான் தெரியவந்தது. பழைய சைக்கிள் டியூப் மட்டும் உடும்பாய்ப் பிடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மனைவி சந்தைக்குப் போனதும் இறங்கி, முங்கி வாளியை எடுத்து, பாதிக் கிணறு ஏறினேன். அங்கே டியூப் இறுகியது. மேலேயும் நகராது, கீழேயும் விடாது. வாளியும் நானும் தொங்கினோம்.

மச்சான் தண்ணீர் அள்ள வந்தார். எட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கட்டியிருந்த என் ஆட்டிடம் கதைத்தார்.

"உந்தாள் ஏறுறாரோ இறங்குறாரோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லு."

"ஏறுறன் எண்டு சொல்லு!" என்று நானும் ஆட்டுக்கே கத்தினேன்.

"அப்ப சரி. நான் போட்டு வாறன் எண்டு சொல்லு."

காலடிச் சத்தம் நகர்ந்தது. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது.

"மச்சான்!"

"என்ன மச்சான்?" இரண்டு வருடமாகத் தொண்டையில் தயாராக வைத்திருந்தவர் போல உடனே வந்தது பதில்.

கிணற்றுக்கட்டில் காலை ஊன்றி, மூச்சு வாங்க வாங்கக் கயிற்றை இழுத்தார். நான் கட்டைப் பிடித்த நேரம் வாளி நழுவித் திரும்பவும் உள்ளே விழுந்தது. அவர் வீட்டுக்குப் போய்ப் பாதாளக்கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அவருடைய உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.

"உந்த வேலியை நாளைக்கு..." என்று தொடங்கினார்.

"வேலி கிடக்கட்டும் மச்சான். முதல் கைக்கு எண்ணெய் பூசும்."