தமிழ் தெரியாத டீச்சர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடை மாடியில் இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில்தான் நான் டீச்சர் ஆனேன். சின்னசேலம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தமிழ் வழியில் படித்து, எப்படியோ எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவள். சேர்ந்த அன்றே சென்டர் நடத்துபவர் ஒரு நிபந்தனை போட்டார்.

“உங்களுக்குத் தமிழே தெரியாது, பெங்களூர்லேர்ந்து வந்திருக்கீங்கன்னு பசங்களாண்ட சொல்லிட்டேன். இங்க எல்லா டீச்சரும் அப்படித்தாங்க. தமிழ் தெரியும்னு தெரிஞ்சா ஒருத்தரும் இங்கிலீஷ்ல வாயத் தொறக்க மாட்டாங்க.”

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது. கீழே டீக்கடையில்கூட விரலைக் காட்டித்தான் டீ வாங்கினேன். “இன்னா இந்தம்மா எப்பப் பாத்தாலும் உர்ருன்னே இருக்குது” என்று பிள்ளைகள் என் எதிரிலேயே பேசுவார்கள். கல் மாதிரி நிற்பேன்.

என் வகுப்புக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் பஸ் பிடித்து இறங்கி வருவாள். நர்சிங் முடித்தவள். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், இன்டர்வியூ ஆங்கிலத்தில். அது கிடைக்காவிட்டால் மரவள்ளிக் காட்டு வேலை, வீட்டில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் இதையெல்லாம் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்பு, எல்லோரும் போன பிறகு என் மேஜையருகே வந்து நின்றாள். ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினாள், முடியவில்லை. காது கேட்காதவர்களிடம் பேசுவது போல உரக்க, மெதுவாகத் தமிழில் ஆரம்பித்தாள்.

“டீச்சர், உங்களப் பத்திச் சொல்லுங்கன்னு கேப்பாங்களாம். இன்னா சொல்றதுன்னே தெரியல. ஒரே ஒரு தடவ தமிழ்ல சொல்லிக் குடுத்தா புடிச்சிக்குவேன்...” சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, உங்களுக்குத்தான் தமிழ் வராதே! யாராண்ட போய் இத்தக் கேப்பேன்?”

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கால் மணி நேர வேலை அது. நானே ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, கீழே அர்த்தம் எழுதி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது மனப்பாடம் செய்தவள்தான். சென்டர்காரர்கூட அன்று இல்லை; இருந்திருந்தால் பழியை அவர் மேல் போட்டிருப்பேன். வாயைத் திறந்தால் பெங்களூர்க்காரி போய், மாடு மேய்த்த வீட்டுப் பெண் வந்துவிடுவாளே என்று பயந்தேன். “சாரி, நோ தமிழ்” என்றேன். சீ, என்ன ஜென்மமோ நான்!

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. இன்டர்வியூவில் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாளாம். வகுப்பில் பேசிக்கொண்டார்கள். அதையும் புரியாத மாதிரியே கேட்டுக்கொண்டேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போனேன். “இன்னாண்ணா, இன்னும் எத்தினி பேரத்தான் ஏத்துவீங்க? மூச்சு முட்டுது!” என்று டிரைவரிடம் கத்திவிட்டு நிமிர்ந்தால், எதிர் சீட்டில் அவள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, பக்கத்தில் புருஷன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டட்டும், நாலு பேர் எதிரில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சர்! தமிழ் இன்னா அழகா பேசறீங்க! வந்து ஒரு வருஷம்கூட ஆவல, அதுக்குள்ள கத்துக்கினீங்களே!” புருஷன் பக்கம் திரும்பினாள். “இவங்கதான் எங்க டீச்சர். பெங்களூரு. எனக்குத்தான் எதுவுமே மண்டையில ஏறல.”

“இதுக்கு அறிவு கொஞ்சம் கம்மிங்க டீச்சர்” என்றார் அவர். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் என் முகத்தையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம்... கொஞ்சம்... வர்து” என்றேன், நாக்கை வேண்டுமென்றே குழறவிட்டு.