நடுவில் போட்ட நாற்காலி

போன வருடம் ஜூலை மாதம், மழையும் குளிருமாக இருந்த ஒரு காலை. ஆக்லாந்தில், விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில், அரசாங்க உதவித்தொகை அலுவலகம் ஒன்றில் நடந்தது இது. நான் அங்கே உதவித்தொகை வாங்கப் போகவில்லை. இதை முதல் வேலையாகச் சொல்லத் தோன்றுகிறது பாருங்கள், அதுவே என்னைப் பற்றிப் பாதியைச் சொல்லிவிடும்.

மீதியையும் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவன். இங்கே ஓர் அரசுத் துறையில் பல வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். ஒரு நாள் துறையில் செலவைக் குறைத்தார்கள். குறைந்த செலவு நான்தான். மனைவி நர்ஸ் என்பதால் ஹில்ஸ்பரோவில் கடனுக்கு வாங்கிய வீடு தப்பியது. நான் வீட்டில் உட்கார்ந்து அவளுக்குச் சமையலில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பொறுக்க முடியாமல் அவளே என்னை மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் சேர்த்துவிட்டாள்.

அந்த வேலைக்குச் சில விதிகள் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொள்ள வேண்டும். யார் எதைச் சொன்னாலும் அப்படியே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, புத்திமதி கூடவே கூடாது. முக்கியமாக, அவர்களாகவே மாறி ‘நான்’ என்று பேச வேண்டும். ஒருவர் ‘எனக்கு வலிக்கிறது’ என்றால், ‘அவருக்கு வலிக்கிறதாம்’ என்று நாம் நழுவக் கூடாது. ஒருமுறை மருத்துவமனையில் ஒரு பெண்மணிக்காக, ‘நான் ஏழு மாதக் கர்ப்பம்’ என்று இங்கிலீஷில் சொன்னேன். என் வயிற்றைப் பார்த்த டாக்டருக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை.

அன்று காலை பஸ்ஸில் வரும்போது, கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் சண்டை. பிரிட்டனில் இளைஞர்களுக்கான உதவித்தொகையைச் சீர்திருத்துவது பற்றி. வேலை அல்லது பயிற்சி, இரண்டில் ஒன்றுக்குப் போகாவிட்டால் பணத்தில் கை வைப்பது சரியா என்று. லண்டன்காரன், “சும்மா உக்காந்திருக்கிறவனுக்கு என் வரிப்பணம் எதுக்குடா?” என்றான். இன்னொருவன், “வேலையே இல்லாத ஊர்ல எங்கடா போய்த் தேடுவான்?” என்றான். நான் வழக்கம்போல, உதவியும் வேண்டும், நிபந்தனையும் வேண்டும் என்று நீளமாக ஒன்று எழுதினேன். “வந்துட்டாருய்யா நடுநிலை நாயகம்! ஏதாவது ஒரு பக்கம் நில்லேன்டா” என்று பதில் வந்தது. எனக்கு உள்ளூரப் பெருமைதான். போனை அணைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போனேன்.

வந்திருந்தது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். இந்த நாட்டுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கடையில் பேசும் அளவுக்கு இங்கிலீஷ் வரும். அதிகாரியிடம் பேசப் பயம். “அங்கிள், நீங்கள் இந்தியாவோ?” என்று மெல்லக் கேட்டாள். விதிப்படி ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன். எதிரே இருந்த அதிகாரி, காதோரம் பூ வைத்த ஒரு சமோவா தீவுக்கார அம்மாள்.

விஷயம் இதுதான். வேலை தேடுவது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்புக்கு அந்தப் பெண் கட்டாயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தக்க காரணம் இல்லையென்றால் இந்த வாரத்திலிருந்து பணம் பாதியாகும். “நான் உங்க பணத்தைப் பாதியா குறைக்க வேண்டியிருக்கும்” என்று நான் அவளுக்குச் சொன்னேன். காலையில் பஸ்ஸில் எவ்வளவு சரளமாக எழுதிய நிபந்தனை அது. வாயால் சொல்லும்போது அவ்வளவு சரளமாக வரவில்லை.

“அப்பிடியெண்டா அறை வாடகைக்கே காணாது” என்றாள். பிறகு நிமிர்ந்து, “அண்டைக்கு நான் வேலைக்குத்தான் போனனான்” என்றாள்.

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

“ஒரு நாள் வந்து செய்து காட்டச் சொன்னவை. சரியெண்டா எடுப்பம் எண்டவை. இஞ்ச போன் பண்ணிச் சொல்லப் பாத்தனான். பஸ்ஸில ஏறினதிலயிருந்து இறங்குமட்டும் பாட்டுத்தான் போச்சுது, ஒருத்தரும் எடுக்கேல்லை. உள்ளுக்குப் போகேக்க போனை வாங்கி வைச்சிட்டினம்.”

அதாவது, வேலைக்குப் போனதால்தான் வேலை தேடும் வகுப்புக்கு வர முடியவில்லை. என் கட்சிக்காரனாகிய நிபந்தனை இப்படி முழிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“எந்த கம்பெனி? நான் ஒரு போன் பண்ணிக் கேட்டாப் போதும். சரியாயிடும்” என்றார் அதிகாரி, என் வாய் வழியாக.

அவள் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். திடீரென்று முழுதாக என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அங்கிள், சம்பளம் இல்லாமத்தான் அண்டைக்கு நிண்டனான். கவர்மென்ட்ல இருந்து கேட்டா அவை பயந்து என்னை எடுக்க மாட்டினம். பேரைச் சொல்லவோ, விடவோ?” என்றாள்.

அது என்னிடம் மட்டும் கேட்ட கேள்வி. பெயரைச் சொன்னால் பணம் வரும், வேலை போகலாம். சொல்லாவிட்டால் பணம் போகும், வேலை வரலாம். எது நல்லது என்று நான் சொல்லக் கூடாது. அந்த அறையில் யார் வாயிலிருந்து வந்த எதையும் நான் மறைக்கவும் கூடாது. அதிகாரி வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். சம்பளமில்லாமல் நின்றதையும், பயத்தையும், ‘சொல்லட்டுமா, விடட்டுமா அங்கிள்’ என்பதையும், ஒன்று விடாமல்.

அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. விதிப்படிதான் நடந்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மனது அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதிகாரி விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒவ்வொன்றாக நான் தமிழில் சொன்னேன்.

“பெயர் வேண்டாம்.”

“காரணம் சரியானது என்று எழுதும் உரிமை எனக்கு இருக்கிறது. மேலே யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.”

“சம்பளம் தராமல் வேலை வாங்குவது தப்பு. அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம். புகார் செய்யும் இடத்தை நான் சொல்கிறேன்.”

அடுத்து ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். நானும் அவளைப் பார்த்தேன்.

“நான் உங்களை நம்புறேன்.”

அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதிகாரியை விட்டுவிட்டு என்னிடம், “தாங்க்ஸ் அங்கிள்” என்றாள். இங்கிலீஷ்தான் என்றாலும், விதிப்படி அதையும் அந்த அம்மாளிடம் அப்படியே சொன்னேன். ‘அங்கிள்’ என்று தன்னை அழைத்த நன்றியை அவர் வாய்விட்டுச் சிரித்து ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்து போனைத் திறந்தால், குழுவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “நடுநிலை எங்கடா காணோம்?” நான் ஒன்றும் எழுதவில்லை. நிபந்தனை வேண்டாம் என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிபந்தனைக்குப் பின்னால், கையை மடியில் வைத்துக்கொண்டு யோசிக்க ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவது அந்த ஆள்தான் என்பது எனக்குத் தெரியும். அது வாட்ஸப்பில் எழுதி முடிகிற விஷயமில்லை.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா என்று தெரியாது. விசாரிப்பதற்கும் விதி இடம் தராது. மங்கரே பக்கம் பஸ்ஸில் போகும்போது, வேலை முடிந்து ஏறும் இளம்பெண்களின் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

இத்தனை வருடங்களில் சொந்தக் கருத்துகளை எவ்வளவோ சொல்லித் தீர்த்திருக்கிறேன். ஆனால் என் வாயிலிருந்து வந்ததிலேயே யாருக்காவது உதவிய வார்த்தை எது என்று யோசித்தால், அன்று அந்த அம்மாளுக்காக நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் இன்னும் நினைவுக்கு வருகிறது.