சில்வெஸ்டரைத் தேடிப் போனவர்

போன வாரம் சேலம் ஜங்ஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் – "சில்வெஸ்டர்!"

சட்டென்று திரும்பினேன். கூப்பிட்டவர் என்னைத் தாண்டிப் போய் வேறு யாரையோ கட்டிக்கொண்டார்.

என் பெயரும் அதுதான். புனைபெயரில் எழுதுவதால் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் வைத்த லத்தீன் பெயர். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் தெருவுக்குத் தெரு சில்வெஸ்டர்கள் உண்டு. ஆனால் கொல்லிமலையில்?

யுத்தத்துக்கு முன்னால் அந்த மலைமேல் செம்மேட்டில் கம்பவுண்டராக இருந்தேன். அப்போது ரோடு கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும். மலைக்காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதுதான் முக்கிய வேலை. முன்னறையில் மருந்து, பின்னறையில் நான்.

ஜனங்கள் தங்கமானவர்கள். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை! அதுதான் வினையே. உத்தியோகஸ்தனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா? எல்லோருக்கும் நான் "சாமி". அங்கே கைக்குழந்தையும் சாமி, கம்பவுண்டரும் சாமி. மருந்து வாங்குவார்கள், கும்பிடுவார்கள், சரிவில் இறங்கிப் போய்விடுவார்கள். அப்புறம் மழையும் நானும்தான்.

நம் பெயர் யார் வாயிலும் வராமல் மாதக்கணக்கில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, "என்ன சில்வெஸ்டர், சௌக்கியமா?" என்று நானே கேட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

அந்த ஐப்பசியில் காய்ச்சல் எனக்கே வந்தது. கொயினாவை விழுங்கி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை...

கண் விழித்தபோது ஒரு பெண் என் வாயில் சாமைக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். பாப்பாயி. மலையிலேயே எடப்புளி நாடு என்ற பகுதியில் பயிர் செய்கிற சடையனின் மனைவி. அவளுக்குக் காய்ச்சல் என்று புருஷன் மருந்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். வந்த இடத்தில் நான் பிதற்றிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

"சடையன் எங்கே?"

"கீழ போயிருக்காருங்க. உங்களுக்கு வேண்டப்பட்டவரைக் கூட்டியார."

"யாரை?"

"நீங்கதானுங்க சாமி ஓயாம கூப்பிட்டுக்கிட்டே கெடந்தீங்க... சிலுவத்தரு, சிலுவத்தருன்னு! உசுரு போறதுக்குள்ள அவரைப் பாக்கோணும்னு தவிக்கிறீங்களாட்டம் இருக்குதுன்னு இவரு எறங்கிட்டாரு."

அப்போதுதான் கவனித்தேன் – கஞ்சிக் கிண்ணம் பிடித்த அவள் கை நடுங்கியது.

"நீ மருந்து சாப்பிட்டாயா?"

"நீங்க எடுத்துக் குடுக்காம நாங்க தொடலாமுங்களா?"

மருந்து அலமாரி முன்னறையில் பூட்டாமலேதான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதலில் அவளுக்குக் கொயினா கொடுத்தேன்.

பிற்பகலில் சடையன் வந்தார். என் வயதுதான் இருக்கும். நனைந்து, முழங்கால் வரை சேறு. என் கண்களை நேரே பார்க்காமல் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கீழ சேந்தமங்கலம் சந்தையில கடை கடையாக் கேட்டேனுங்க. யாருக்கும் தெரியல. கடைசியா தபாலாபீசுல சொன்னாங்க, அப்படி ஒருத்தர் இருக்காராம். ஆனா அவரு கொல்லிமலைக்குப் போயிட்டாராமுங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "கவலப்படாதீங்க சாமி. மலைக்குள்ளதான இருக்காரு? நாளைக்கு மத்த நாட்டுப் பக்கமெல்லாம் போயித் தேடிப் பாக்கறேன்."

சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"போக வேண்டாம் சடையன். அது நான்தான்."

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ!

"ஏனுங்க, உங்க பேரை நீங்களேவா கூப்பிட்டுக்கிட்டீங்க?" என்றார் சடையன்.

"வேறு யாரும் கூப்பிடவில்லையே..."

சடையன் தலைத்துண்டை வாசலில் பிழிந்து உதறினார். உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். அதுவரை என் வீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"அந்தப் பேருக்கு என்னங்க அர்த்தம்?"

"லத்தீன் பாஷையில் காட்டுக்காரன் என்று அர்த்தம்."

"அட! அப்ப நீங்க நம்ம ஆளுங்க!" என்று பாப்பாயி கை கொட்டிச் சிரித்தாள்.

சடையனுக்குத்தான் தயக்கம் போகவில்லை. "பேரைச் சொன்னா மரியாதையா இருக்காதுங்களே..."

"எனக்காக ஒரு தடவை."

தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார் – "சிலுவத்தருங்க..."

என் அம்மாகூட அவ்வளவு பக்குவமாக அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு சந்தைக்குப் போக அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சரிவிலிருந்தே குரல் கொடுப்பார். அவர் ஒருவர்தான். மற்ற ஜனங்களுக்கு நான் கடைசிவரை சாமியாகவே இருந்தேன். மாற்றல் வந்தபோது என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரம் வரை வந்தார். பஸ் கிளம்பிய பிறகும் ஒரு தடவை கூப்பிட்டார். யுத்தம், வேலை, குடும்பம் – அப்புறம் மலைப்பக்கம் போகவே முடியவில்லை. அவர் எப்படி இருக்கிறாரோ, தெரியாது.

இன்று டவுனில் இருக்கிறேன். தெரு நிறைய ஜனங்கள். எல்லோருக்கும் நான் "கம்பவுண்டர் சார்".

உங்கள் தெருவிலும் ஒரு "சார்" இருப்பாரே... அவர் பெயர் என்ன?