பியூரிஃபையர்காரர், மிக்ஸிக்காரர், பிரதர்

1. இரண்டு மாத்திரை

வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, ரெண்டு மாத்திரைதான் இருக்கு. என்னால நடக்க முடியாது. ஞாயித்துக்கிழமை ஜெபாவுக்கு நிச்சயதார்த்தம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வந்துடுவாங்க. இன்னிக்கு வந்தா உண்டு."

எஸ்தர் அம்மா முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கிறார். ஸ்டோர்ஸில் வேலை. கணவர் இல்லை, ஒரே பெண். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பர்மிஷன் போட்டுவிட்டு, எங்கள் அரசு மருத்துவமனையின் ஏஆர்டி சென்டருக்கு வந்து எச்ஐவி மாத்திரை வாங்கிப் போவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. போன வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. அவருக்கு இந்த நோய் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது, மகளுக்கும்.

சென்டரில் நான் அவுட்ரீச் ஒர்க்கர். தேதி தவறியவர்களைத் தேடிப் போவதும், வர முடியாதவர்களுக்கு மாத்திரை சேர்ப்பதும் என் வேலை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதன்பின் அம்பத்தூரில் லேத், ஆந்திரா லாரியில் க்ளீனர், மிக்ஸி ரிப்பேர், வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸ், பூந்தமல்லியில் மைக் செட். எதிலும் மூன்று வருடம் தாண்டவில்லை. லாரியில் திரிந்த காலத்தில் இந்த நோய் எனக்கும் வந்தது. தினம் இரவு எட்டு மணிக்கு நானும் அதே மாத்திரையைப் போடுகிறேன், நன்றாக இருக்கிறேன்.

வீடுகளுக்குப் போகும்போது நாங்கள் அடையாள அட்டை மாட்டுவதில்லை, நோயின் பெயரைச் சொல்வதில்லை. என்ன தொழில்காரனாக வர வேண்டும் என்பதை நோயாளியே சொல்வார். மாங்காட்டில் நான் கேபிள்காரன். அயனம்பாக்கத்தில் சீட்டுக் கம்பெனி ஏஜென்ட். எஸ்தர் அம்மா எப்போதோ சொல்லி வைத்திருந்தது பியூரிஃபையர்.

கவுன்சிலர் சுமதி மேடம் மூன்று பாட்டிலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தார்.

"எலும்பு முறிவுன்னா கால்சியம் எழுதியிருப்பாங்க. நம்ம மாத்திரையோட சேர்த்துப் போட்டா நம்மது வேலை செய்யாது. அதை மறக்காம சொல்லிடு. வாயை மட்டும் அளவா திற."

பாட்டில்களை ஒரு காலி ஃபில்டர் அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, ரிப்பேர் சாமான் பையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. ஒரே வரிசையில் இரண்டு தொழில்

கதவைத் திறந்தவர் எஸ்தர் அம்மாவின் நாத்தனார். திருநெல்வேலியிலிருந்து நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்தார். வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றார்.

"யாருய்யா நீரு?"

"பியூரிஃபையர் சர்வீஸ்மா. ஃபில்டர் மாத்தணும்."

"தண்ணி நல்லாத்தானே வருது?"

"வந்துகினுதான் இருக்கும். உள்ள கழட்டிக் காட்னா குடிக்க மாட்டீங்க."

காட்டினேன். ஃபில்டர் செம்மண் உருண்டை மாதிரி இருந்தது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "ரெண்டு நாளா இதையா குடிச்சேன்!" என்றார். பையில் இருந்த புது ஃபில்டரை மாட்டினேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஹாலில் கட்டிலில் எஸ்தர் அம்மா காலை நீட்டிப் படுத்திருந்தார். பெட்டியை அவர் கையில் கொடுத்து, "வாரண்டி கார்டு உள்ள கீதுமா" என்று சொல்லிவிட்டு நழுவ வேண்டியதுதான் பாக்கி.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

"அட, மிக்ஸிக்காரரு! நீ இன்னா இங்க கீற?"

போன மாதம் அதே வரிசையில் நாலு வீடு தள்ளி இன்னொருவருக்கு மாத்திரை கொண்டுபோயிருந்தேன். அங்கே நான் மிக்ஸிக்காரன். ஒரே வரிசையில் இரண்டு தொழில் வைத்துக்கொண்டது முழுக்க என் முட்டாள்தனம். நான் அவனில்லை என்றால் இந்த அக்கா அந்த வீட்டில் போய் விசாரிக்கும். இரண்டு குடும்பமும் சேர்ந்து மாட்டும்.

"ரெண்டும் பார்ப்பேன்க்கா" என்றேன்.

நாத்தனார் உடனே மிக்ஸியைக் கொண்டுவந்து வைத்தார். ஜாரைச் சுற்றுகிற கப்ளர் தேய்ந்திருந்தது, பையில் இருந்த புதியதைப் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடிப்போய்த் தன் அயர்ன் பாக்ஸைக் கொண்டுவந்தது. அதற்குள் யாரோ ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தார்கள். ஒரு மணி நேரம் அந்த ஹாலில் குந்திக்கொண்டு ரிப்பேர் பார்த்தேன். எஸ்தர் அம்மா கட்டிலிலிருந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேன் ஓட ஆரம்பித்ததும் நாத்தனாருக்குச் சந்தேகமும் ஓட ஆரம்பித்தது.

"இவ்வளவு தொழில் தெரிஞ்ச ஆளு எதுக்குய்யா வீடு வீடா அலையுதீரு? விசேஷ வீட்டுல நகைநட்டு இருக்கும்னு வேவு பாக்க வந்தீரோ? அந்தப் பெட்டியில என்ன இருக்கு? இங்க கொண்டாரும்!"

கையை நீட்டினார். லேபிள் ஒட்டிய மூன்று பாட்டில். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"மதினி!" என்றார் எஸ்தர் அம்மா. "அவரு எங்க ஜெபக்குழு பிரதர். கால் ஒடஞ்சதைக் கேள்விப்பட்டு ஜெபிக்க வந்திருக்காரு."

"ஜெபிக்க வந்தவரு மிக்ஸியை ஏன் கழட்டுதாரு?"

"நீங்கதானே கழட்டச் சொன்னீங்க."

"பியூரிஃபையர்னு சொன்னாரே?"

"பொழப்புக்கு அது. ஊழியத்தை வெளியில சொல்லிக்க மாட்டாரு."

இப்படி ஒரு பொய்யைக் கண் இமைக்காமல் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நாத்தனார் நீட்டிய கையை மடக்கி, முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"அப்பம் ஜெபம் பண்ணும் பிரதர்."

3. ஜெபம்

மைக் செட் கட்டிய காலத்தில் நற்செய்திக் கூட்டங்களில் ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என் சாமி வேறு, ஆனால் ராகம் தெரியும். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அன்பின் பரலோகப் பிதாவே! இந்தச் சகோதரியின் காலைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை காரியத்தை ஆசீர்வதியும்."

"ஆமென்!" என்றார் நாத்தனார்.

சுமதி மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது.

"மூன்று மாதத்துக்கு வேண்டியதை இந்தப் பெட்டியிலே வைத்தீரே, ஸ்தோத்திரம்! கையில் இருப்பதை முதலில் முடிக்கச் செய்யும். இரவு எட்டு மணிக்கு உண்டானதை எட்டு மணிக்கே தாரும். எலும்புக்கு உண்டான கால்சியத்தைக் காலையிலே தாரும். ஆண்டவரே, இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதிரும்!"

"சேர்க்காதிரும்!" என்று நாத்தனார் உரக்கச் சொன்னார்.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எஸ்தர் அம்மா போர்வையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். சமையல்கட்டு வாசலில் நின்ற ஜெபாவும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டென்று ஆமென் போட்டுவிட்டேன்.

பெட்டி தலையணைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. எனக்குச் சாப்பாடு போட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, தன் வீட்டுக்காரர் குடியை விட ஒரு ஜெபம் போடச் சொல்லிக் கேட் வரை கூடவே வந்தது. போட்டேன். பலித்ததா என்று தெரியாது.

4. கவுன்டரில்

மூன்று மாதம் கழித்து, எஸ்தர் அம்மாவின் தேதியில், அவருடைய மாத்திரை நோட்டை எடுத்துக்கொண்டு ஜெபா வந்தாள்.

"அம்மா வரலியா?" என்றேன்.

"இப்பதான் கம்பு வெச்சு நடக்குறாங்க. வரேன்னு சொன்னாங்க, நான்தான் வேணாம்னேன். அங்கிள், யாராவது ஆண்டவர்கிட்ட கால்சியத்தைக் காலையில குடுன்னு வேண்டிப்பாங்களா?"

நான் குனிந்து நோட்டில் தேதியைத் தேடினேன்.

"அன்னிக்கே அம்மாவைக் கேட்டுட்டேன். முதல்ல மழுப்புனாங்க, அப்புறம் சொல்லிட்டாங்க. ரெண்டு பேரும் ஒரு மூச்சு அழுதோம். இத்தனை வருஷம் எட்டு மணி ஆனா பாத்ரூம்ல போய் மாத்திரை போட்டுருக்காங்க அங்கிள். கால் ஒடஞ்ச அன்னிக்குக் குளிக்கப் போய்தான் வழுக்கினாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். மாத்திரை போடப் போய்தான் விழுந்திருக்காங்க."

"மாப்பிள்ளைக்கு?"

"நிச்சயதார்த்தம் முடிஞ்சதும் அம்மாவே கூப்புட்டு உக்கார வெச்சு சொன்னாங்க. ரெண்டு நாள் போன் எடுக்கல அவரு. மூணாவது நாள் வந்து, ‘இதுல பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல, டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்'னாரு. வெளிய வண்டியில நிக்கிறாரு. திருநெல்வேலி அத்தைக்கு மட்டும் சொல்லல. அத்தை இன்னும் உங்களைப் பிரதர்னுதான் விசாரிக்குது."

மூன்று பாட்டிலைக் கொடுத்தேன். பஸ்ஸில் மாத்திரை கிலுகிலுத்தால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரே என்று, இங்கே வாங்குகிறவர்கள் பாட்டிலில் பஞ்சு அடைத்துக்கொண்டு போவது வழக்கம். மேஜையில் இருந்த பஞ்சை நீட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பாட்டில்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வராந்தா முடிகிற வரை கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன தொழில்காரனாக வர வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், "ஊட்ல ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லலாம்னா யாருக்குச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். எஸ்தர் அம்மாவிடம் நான் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் எட்டு மணிக்கு ஹாலில் உட்கார்ந்தே மாத்திரை போட்டிருப்பார்.