சிலந்தி வலை கட்டிய பூட்டு

பூட்டு என்று தலைப்பு வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் ‘வேகம்’ என்று கொடுத்திருந்தார்கள். பைபாஸ் ஓரம் நின்று லாரிகளை எடுத்து எல்லாம் கலங்கிப்போய் ஒரு படம்கூடத் தேறவில்லை. பூட்டு ஓடாது. நின்று நிதானமாக எடுக்கலாம்.

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று சிதறிக் கிடக்கும் கொஞ்சம் பேர் சேர்ந்து படம் எடுத்துப் போடும் வாட்ஸ்அப் குழு எங்களுடையது. யாருக்கும் இது தொழில் இல்லை. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்கத் தையலையும் பசையையும் பார்க்கிற கண்ணுக்கு வேறு எதையாவது காட்ட வேண்டும் என்று ஒரு பழைய கேமரா வாங்கினேன். குழுவை நடத்துகிறவர் பாகாயத்தில் இருக்கும் ஒரு அக்கா, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. திங்கட்கிழமை காலையில் ஒரு சொல்லைப் போடுவார். வாரத்துக்குள் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கு ஒரு படம். ஞாயிற்றுக்கிழமை பிடித்த படத்துக்கு இதயம் போட வேண்டும். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. ஒருமுறை ஏலகிரிக்குச் சேர்ந்து போனபோது வந்தவர்களின் முகம் மட்டும் எனக்குத் தெரியும். மற்றவர்கள் வெறும் நம்பர்கள்.

அந்தச் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு எங்கள் பின் தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு தோல் வியாபாரியின் பழைய வீடு உண்டு. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி மகளோடு சென்னையில் இருக்கிறார். வீடு பல மாதமாகப் பூட்டிக் கிடந்தது. பச்சைக் கதவு, இரும்புப் பூட்டு, பூட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை. சாயங்கால வெயில் அந்த வலையில் மட்டும் பட்டது. படியில் குந்தி உட்கார்ந்து வேண்டிய மட்டும் எடுத்தேன்.

எதிர்வீட்டு அம்மா துணி மடித்தபடி வெளியே வந்தார்.

“இன்னாம்மா, அந்த வீட்டாண்ட குந்திக்கினு இன்னா பண்றே?”

“போட்டோ எடுக்குறேம்மா. பூட்ட.”

“பூட்டயா? எதுக்கு?”

“போட்டிம்மா. வாரா வாரம் நடக்கும்.”

“பூட்டுக்கு இன்னா போட்டி?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தார்.

படத்தைக் குழுவில் போட்டதும் இதயங்கள் வந்தன. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு நம்பர். சொந்த முகத்துக்குப் பதில் வேர்க்கடலைச் செடியின் படத்தை வைத்திருந்தார். சேர்ந்த அன்று ‘ஒடுகத்தூர்’ என்று ஊரை மட்டும் சொன்னவர். “சூப்பர் மேடம். இது எந்த ஊர்? எந்தத் தெரு?” என்று கேட்டிருந்தார். பாராட்டு வந்த குஷியில், தெருவையும், மசூதியைத் தாண்டி எத்தனையாவது வீடு என்பதையும் ஒழுங்காக எழுதி அனுப்பினேன்.

புதன்கிழமை காலை அந்தப் பச்சைக் கதவு திறந்து கிடந்தது. பூட்டைக் காணவில்லை. உள்ளே இருந்த பித்தளை அண்டாக்களும், பெரிய தேக்குக் கட்டிலும், பீரோவில் இருந்ததும் இல்லை என்று மதியத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. சாயங்காலம் ஒரு பெண் போலீஸ் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஒரு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். முனையில் இருக்கும் மளிகைக் கடை கேமராவின் பதிவு. சுரிதார் போட்ட ஒருத்தி படியில் குந்திப் பூட்டுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோகிறாள். எழுந்து இரண்டு பக்கமும் பார்க்கிறாள். மறுபடி குந்துகிறாள். வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் திரையில் பார்த்தபோது, அவளை நானே நம்பியிருக்க மாட்டேன்.

“செவ்வாய்க்கிழமை பகல் பூரா கரண்ட் கட். கேமரா ஓடல. அன்னிக்குத்தான் தூக்கியிருக்கான்,” என்றார் எஸ்.ஐ. “நீங்க சனிக்கிழமை பாத்துட்டுப் போயிருக்கீங்க.”

“சார், அது போட்டோ போட்டி சார்.” போனைத் திறந்து குழுவைக் காட்டினேன். அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஆளுக்கு ஒரு பூட்டு. கோயில் பூட்டு, ஷட்டர் பூட்டு, பள்ளிக்கூடக் கேட் பூட்டு, மாட்டுக் கொட்டகைப் பூட்டு. போட்டோவுக்குக் கீழே ஊரும் தெருவும்.

“இத எங்க மேலதிகாரிகிட்ட காட்டுனா இன்னான்னு நெனைப்பாரு சொல்லுங்க,” என்றார். பிறகு ஒடுகத்தூர் நம்பரின் கேள்வியில் விரல் நின்றது. “இவன் யாரு?”

“தெரியாது சார்.”

“தெரியாதவனுக்கு வீட்டு அடையாளம் வரைக்கும் சொல்லியிருக்கீங்க.”

வீட்டுக்கு வந்ததும் கணவரும் அதையே கேட்டார். “எடுக்குறதுக்கு உனக்கு வேற எதுவும் கெடைக்கலயா?” என்று ஆரம்பித்தவர், சாப்பிட்டுக் கை கழுவும்போது, “யாரு அந்த ஒடுகத்தூர்காரன்?” என்றார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. தெரியாது என்றேன். அவர் தலையாட்டிய விதத்தில் நம்பிக்கை இல்லை.

எனக்கும் அந்த நம்பர் மேல்தான் சந்தேகம் முழுவதும். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேச்சே கிடையாது. முகம் கிடையாது. அவன் போட்ட படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பஸ் ஜன்னல், பஸ் படி, பஸ் ஸ்டாண்ட். ஒரு இடத்தில் நிலையாக இல்லாத ஆள். எல்லாம் பொருந்துகிற மாதிரியே இருந்தது.

பாகாயம் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“போலீஸ் எனக்கும் போன் பண்ணாங்கம்மா. அந்தத் தம்பிக்கும் பண்ணியிருக்காங்க. அவன் ஒடுகத்தூர் வேலூர் பஸ்ல கண்டக்டர். செவ்வாய்க்கிழமை பூரா டூட்டில இருந்திருக்கான்.”

“அப்புறம் எதுக்குக்கா தெருவு கேட்டான்?”

“அவன் எல்லார்கிட்டயும் கேப்பாம்மா. மேல போய்ப் பாரு.”

பார்த்தேன். பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே, “இது எந்த இடம்?” சர்ச் படிக்கட்டுக்குக் கீழே, “எந்த ஊர், எந்தத் தெரு?” ஒருவர் வீட்டு முருங்கை மரத்துக்குக் கூட. என் படத்துக்குக் கீழே கேட்டதை மட்டும்தான் நான் படித்திருந்தேன்.

அதற்குள் குழு காலியாகத் தொடங்கியிருந்தது. வாணியம்பாடிக்காரர் ஒருவர் வெளியேறினார். அடுத்து இரண்டு பேர். ஏலகிரியில் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்ட பெண், தன் பூட்டை மட்டும் அழித்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தாள். கண்டக்டரும் வெளியேறினார். தெருவில் நான் நடந்தால் பேச்சு நின்றது.

வெள்ளிக்கிழமை அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்காரம்மா சென்னையிலிருந்து வந்தார். என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைத் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டபடி மகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. என் படத்தை அவரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் பெரிதாக்கச் சொன்னார். மகள் பெரிதாக்கினாள்.

“இது எங்க பூட்டே இல்லயே.”

“நல்லா பாருங்கம்மா,” என்றார் எஸ்.ஐ.

“எங்களுது பித்தளைப் பூட்டு. என் மாமனார் காலத்துது. நான்தானே பூட்டிட்டுப் போனேன்?” கைப்பையிலிருந்து ஒரு நீளச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். அது அந்த இரும்புப் பூட்டின் துளையில் நுழையவே நுழையாது என்பது படத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்தார். “வலை கட்டியிருக்குது. அப்ப ரொம்ப நாள் முன்னாடியே பழச ஒடச்சிட்டுத் தன் பூட்டப் போட்டிருக்கான். ஜாஸ்தி அவசரமே இல்ல. சின்னது எல்லாம் அப்பவே போயிருக்கும். கட்டிலுக்குத்தான் செவ்வாய்க்கிழமை வந்திருக்கான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “தெருவுல பாத்தாலும் யாரும் ஏன்னு கேக்காத ஆளு. அப்படி யாரும்மா வந்து போவாங்க?”

அந்த அம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். பிறகு அவர் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“கம்ப்ளெய்ன்ட் வேணாம் சார்.”

வெளியே வேப்ப மரத்தடியில் என் கையைப் பிடித்தார். “உன் மேல ஒண்ணும் இல்லம்மா. பேஜாரு பண்ணிட்டோம் உனக்கு. இது வீட்டு விஷயம்.”

“அத எங்க தெருவுல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறீங்களா?” என்று கேட்டேன்.

அவர் கண் கலங்கியது. “எப்படிம்மா சொல்றது?” என்றார். கார் நேராக ஹைவே பக்கம் போனது, எங்கள் தெருப் பக்கம் திரும்பவில்லை.

அதனால் எங்கள் தெருவைப் பொறுத்தவரை திருடனும் கிடைக்கவில்லை, நானும் சுத்தமாகவில்லை. கேஸ் ஏன் நின்றது என்பதற்கு எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு காரணம் இருந்தது. அதில் என் கணவருக்குத் தெரிந்த யாரோ ஒரு பெரிய ஆள் வந்தார். அப்படி ஒரு ஆளை எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு ஞாயிறு கழித்து, பாகாயத்தில் ஒரு டீக்கடைக்கு அக்கா என்னை வரச் சொன்னார். போனால் பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் டிக்கெட் மை. கண்டக்டர் என்று உடனே தெரிந்தது. நான் அவரைச் சந்தேகப்பட்டதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. போலீஸ் போன் வந்ததும் நான் உங்களத்தான் நெனச்சேன்.”

“என்னையா?”

“ஆமா. நான் சும்மா லீவு நாள்ல எந்த பஸ்ஸு ஏறிப் போய்ப் பாக்கலாம்னு எடம் கேட்டேன். நீங்க எத்தினியாவது வீடுன்னு வரைக்கும் சொல்றீங்க. யாரு அப்படிச் சொல்லுவாங்க? என்னிய மாட்டி வுடத்தான் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன்.”

அவர் டீயை ஆற்றினார். பிறகு மெதுவாக, “ஆனா பூட்டுன்னு தலைப்பு குடுத்தது யாரு?” என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

“அடப்பாவிங்களா,” என்றார் அக்கா. சிரித்தார். ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. “என் லாக்கர் சாவி தொலஞ்சு போச்சு அந்த வாரம். பூட்ட ஒடச்சாங்க. அதான் மனசுல இருந்துச்சு. நெசமா.” நம்பினோம். நம்பியதை முகத்தில் காட்ட இருவருக்கும் கொஞ்சம் நேரமானது.

மீதியிருந்த ஐந்தாறு பேரோடு குழு அதற்குள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. இடத்தை எழுதக் கூடாது என்று புது விதி. அந்த வாரத் தலைப்பு ‘முகம்’. கேமரா பையில் இருந்தது. கண்டக்டரிடம், “உங்கள ஒண்ணு எடுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றார் சட்டென்று.

“போட்டிக்குத்தான்.”

யோசித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, “சரி, எடுங்க,” என்றார். எடுத்தேன். நான் எடுத்த முகங்களில் அதுதான் நன்றாக வந்தது. கண் இரண்டும் நேராக என்னையே பார்க்கின்றன, இவள் இதை வைத்து என்ன செய்யப் போகிறாள் என்பதுபோல.